ஒரு மூடிக்கு மேல் இன்னொரு மூடி



சமீபத்தில் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “புது வண்டி எடுத்திருக்கேன் சார், என்ஜின் கேஸ் புரொடெக்டர் போடலாமா, வேண்டாமா?” கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, ரிட்டையர் ஆகிற வயதில் ஆசை ஆசையாய் இன்டர்செப்டர் பைக் வாங்கியவரும் உண்டு. கடைக்காரர் ‘கண்டிப்பா போடுங்க’ என்கிறார். பழகிய மெக்கானிக் ‘காசுக்குப் பிடிச்ச கேடு’ என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால், வண்டி எங்கே ஓடப்போகிறது என்று இருவரும் கேட்கவில்லை. பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு, முன்பக்கம் குனிந்து என்ஜினைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கம் கிளட்ச் கவர், இடது பக்கம் மேக்னட் கவர். நாலு சிலிண்டரையும் குறுக்கே வரிசையாக அடுக்கிய என்ஜின் என்றால் கிராங்கின் இரு முனைகளும் வெளியே தள்ளி நிற்பதால் புடைப்பு இன்னும் அதிகம். கேடிஎம் 390 மாதிரி ஒற்றை சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் குறைவு. இந்த கவர்கள் வார்ப்பு அலுமினியம். சில மில்லிமீட்டர் கனம்தான். அதற்கு உள்ளேதான் ஆயில் இருக்கிறது.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்டிருந்த கிளட்ச் கவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பாதியில் கீறல்கூட இல்லை. கறுப்பு பெயின்ட் புதுசாகவே இருந்தது. கீழ்ப்பாதியில் பெயின்ட் போய், அலுமினியம் ஒரே திசையில் கோடு கோடாகத் தேய்ந்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு விரலைக் கிழிக்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. அடிபட்டு உடைந்த உலோகம் இப்படி இருக்காது. வண்டி சாய்ந்து, தார் ரோட்டில் இழுபட்டுப் போனபோது ரோடே அதை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறது. இந்தப் புரொடெக்டர் செய்யப்பட்டதே இந்தத் தேய்மானத்துக்காகத்தான். கவருக்கு மேல் இன்னொரு மூடி. ரோடு முதலில் அதைத் தின்னட்டும், அது தீர்வதற்குள் வண்டி நின்றுவிடட்டும் என்பதுதான் கணக்கு.

சரி, ஓட்டை விழுந்தால் என்ன? கவருக்கும் கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் பணம் போகும். என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் ஆயில் வற்றி பேரிங் கடிக்கும். இதெல்லாம் நம்மோடு போகிற நஷ்டம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கொட்டுகிற ஆயில் ரோட்டில் கிடக்கும். அந்த வளைவில் அடுத்த நிமிஷம் வேறொருவர் வண்டியைச் சாய்த்துக்கொண்டு வருவார். அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்.

ரேஸ் உலகம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. உலக சூப்பர்பைக் விதிகளைப் படித்துப் பாருங்கள். விழும்போது தரையில் படக்கூடிய, உள்ளே ஆயில் இருக்கிற பக்கவாட்டு கவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது மூடி கட்டாயம். ஆயில் டிரெயின் போல்ட்டும் ஃபில்லர் மூடியும் தானாகக் கழன்றுவிடாதபடி கம்பி போட்டு முறுக்கியிருக்க வேண்டும். அடிவயிற்று ஃபேரிங், என்ஜினில் இருக்கிற ஆயிலிலும் கூலன்ட்டிலும் பாதியையாவது தாங்குகிற தொட்டியாக இருக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் விழுந்தது அவரோடு நிற்க வேண்டும், பின்னால் வருகிறவரையும் சாய்க்கக்கூடாது என்கிற கவலை அந்த விதிகள் முழுக்கத் தெரிகிறது.

அதனால் இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ டிராக் டே போகிற தம்பி தங்கைகளுக்கு என் பதில் ஒரே சொல்: போடுங்கள். டிராக்கில் விழுவது பெரும்பாலும் சறுக்கி விழுவதுதான். வண்டி சாய்ந்தபடியே நெடுந்தூரம் இழுபடும். புரொடெக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற இடம் அதுதான். ஒருவர் வண்டி ஆயிலைக் கொட்டினால் அதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை அத்தனை பேரும் பிட்டில் காத்திருக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ், வீடு, மார்க்கெட் என்று ஓட்டுகிறவர்களுக்கு இது வேண்டாம். ஊருக்குள் வண்டி விழுவது நிறுத்திய இடத்திலோ, யு-டர்ன் அடிக்கும்போதோ, மணலில் பிரேக் பிடித்தோதான். அப்போது முதலில் தரையைத் தொடுவது ஹேண்டில் முனை, ஃபுட்பெக், கிராஷ் கார்டு. நல்ல கிராஷ் கார்டு ஒன்று இருந்தால் என்ஜின் தரையையே பார்க்காது. அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். விழாமல் இருக்க அது உதவும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள். சனி, ஞாயிறு என்றால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், வால்பாறையின் 40 வளைவுகளுக்கும் கிளம்பிவிடுகிறவர்கள். மலையில் கவர் ஓட்டையானால் வண்டி அங்கேயே நின்றுவிடும். கீழிருந்து டெம்போ வர வேண்டும். கிராஷ் கார்டு இல்லாத, என்ஜின் அகலமான வண்டியில் மலை ஏறுகிறீர்கள் என்றால் போடலாம் என்பது என் கட்சி. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இது தேய்மானத்தைத் தாங்கும். கல்லில் போய் மோதினால் காப்பாற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அடிப்பக்கத்துக் கல்லுக்கு சம்ப் கார்டுதான்.

வாங்கும்போது அவசரம் வேண்டாம். பிரிட்டனின் ஜிபி ரேசிங் மாதிரியான கம்பெனிகள் கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்கிறார்கள். அலுமினியத்தில் கடைந்தெடுத்ததும் உண்டு, கார்பனும் உண்டு. சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும் வெறும் பிளாஸ்டிக்கும் கிடைக்கும். அது அழகுக்கு மட்டும்தான். உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, பிரேக் பெடலிலும் கியர் லிவரிலும் இடிக்காமல் இருக்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியையும் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியையும் மறைக்காமல் விடுகிறதா என்று கையால் வைத்தே பாருங்கள்.

மாட்டும் வேலையில்தான் பல வண்டிகள் கெட்டுப்போகின்றன. கவரில் இருக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, புரொடெக்டரோடு வந்த நீளமான போல்ட்டைப் போடுவார்கள். அலுமினிய மரையில் ஆறு மில்லிமீட்டர் போல்ட் போகிறது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைபலத்தைக் காட்டினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் பாதுகாப்புக்காகப் போட்ட மூடியின் ஓரத்திலேயே ஆயில் கசியும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. மாட்டிய பிறகு, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணைத் துடைத்துவிடுங்கள். அங்கே தங்குகிற மணல் பெயின்ட்டை அரித்துக்கொண்டே இருக்கும். இன்ஷூரன்ஸ் விஷயம் ஒரு வரி: வெளியில் வாங்கி மாட்டியதை பாலிசியில் சொல்லாமல் விட்டால், அதற்கு நஷ்டஈடு எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், புரொடெக்டர் போட்டவருக்கும் போடாதவருக்கும் சேர்த்து. எங்கேயாவது விழ நேர்ந்தால் முதலில் கில் ஸ்விட்சை அணையுங்கள். உங்களுக்கு அடி பலமில்லை என்று உறுதியானதும் ரோட்டைப் பாருங்கள். ஆயில் கொட்டியிருந்தால், வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி யாரையாவது வளைவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஓரத்து மண்ணை அள்ளி அதன் மேல் கனமாகப் போடுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்துவது அதற்குப் பிறகு ஆகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்