வீடு தரும் அங்கீகாரம்

சோபியா கொராடி என்னும் இத்தாலிய மாணவி நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று, 1958இல் உரோமைக்குத் திரும்பினார். அவரது சொந்தப் பல்கலைக்கழகமோ அந்தப் படிப்பை ஏற்க மறுத்துவிட்டது.

அவர் மனக்கசப்பிலேயே தங்கிவிடவில்லை. தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேரலாகாது என்று பல ஆண்டுகள் உழைத்தார். அதன் பயனாக 1987இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதனால் பயன்பெற்றனர். அத்திட்டத்தின்கீழ் ஒருவர் அயல்நாட்டில் ஓர் அரையாண்டு கற்பது அவரது சொந்தப் பட்டத்துடன் சேர்த்துக் கணிக்கப்படுகிறது.

அன்பார்ந்த பெற்றோரே, அப்படிக் கற்றுத் திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது புள்ளிகளைத்தான். அறியாத மொழியில் தடுமாறியதும், முன்பின் தெரியாதவர் பகிர்ந்த உணவை உண்டு பசியாறியதும், தனிமையில் செபித்த இரவுகளும் எந்தச் சான்றிதழிலும் இடம்பெறுவதில்லை. அவற்றைச் செவிமடுத்து ஏற்க வேண்டியது குடும்பமே.

அந்நியராய் வாழ்ந்து பார்த்தவர், தம் வாசலில் நிற்கும் அந்நியரின் மனத்தை அறிவார். பிள்ளை கொண்டுவரும் அந்தப் பாடத்தை நம் இல்லங்களும் ஏற்க மறுத்துவிடலாகாது.