80,000 ரூபாய் இயர்போனும் சுசீந்திரம் தவிலும்

மக்களே, போன வாரம் என் பழைய மாணவன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். 80,000 ரூபாய்க்கு வாங்கிய இயர்போனை என் காதில் மாட்டிவிட்டு, "இதுதான் சார் உண்மையான சத்தம். மத்ததெல்லாம் டப்பா" என்றான். அவனுக்குச் சொன்னதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

உண்மையான சத்தம் என்று எந்த இயர்போனிலும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் ருசிக்கு பாஸைக் கூட்டும், கீச்சொலியைக் கூட்டும். அவியலுக்குத் தேங்காய் அரைப்பது மாதிரியாக்கும் அது. விலை கூடினால் கைப்பக்குவம் கூடுமா?

சோதிக்கணுமானால் மார்கழித் திருவிழாவுக்கு சுசீந்திரம் வா. தவிலுக்குப் பக்கத்தில் நில். தொப்பியில் விழும் கம்படியும் வலந்தலையில் விழும் விரல்கூட்டடியும் தனித்தனியாகக் கேட்கும். அவன் கருவியில் தொப்பி ஊதிப் பெருத்து வலந்தலையை மூடிவிட்டது. என் மகளின் 2,000 ரூபாய் ஒயர் இயர்போனில் இரண்டும் பிரிந்து கேட்டன.

"உங்களுக்கு வயசான காது சார்" என்றான். சரிதான், உச்சத்துக் கீச்சொலிகள் எனக்குக் கேட்பதில்லை. ஆனால் தவிலின் உயிர் அங்கேயா இருக்கு?

என் வருத்தம் வேறே. அவன் கழற்றி மேசையில் வைத்த பிறகும் பாட்டு எனக்குக் கேட்டது. 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்காதில் செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்காது.

இயர்போனை எப்போ வேணுமானாலும் மாற்றலாம். காது எந்தக் கடையிலும் கிடைக்காது, மக்களே. முதலில் வால்யூமைக் குறையுங்கள்.