கைப்பயிற்சிக்கும் அயல்மொழியோ?

குறிஞ்சிப்பாடியின் நெசவுத் தெருக்களில் தறி பழகும் இளைஞனுக்குப் பாவு, ஊடை, விழுது, அச்சு என்னும் சொற்களை எவரும் ஏட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. இழை அறுகின்றது, மூத்தவர் சொல்லும் சொல் காதில் விழுகின்றது, அந்நொடியிலேயே கை இழையை முடிகின்றது. சொல்லும் செயலும் ஒருங்கே உள்ளிறங்குவதுதான் கைப்பயிற்சி. அத்தெருவிற் பிறந்த ஒருவன் இயற்பியலில் முதுகலை முடித்து, ஊடுகதிர் உட்கவர் நிறமாலையியலில் கைப்பயிற்சி பெறப் போகின்றான் என வைத்துக்கொள்ளுங்கள். அங்கு அவன் தொடும் ஒரு பொருளுக்கும் அவன் தாய்மொழியில் பெயர் சொல்வாரில்லை! பிழை எங்கே நேர்ந்தது என்று கேட்கவும் வாயெழாமல் நிற்கின்றான். இதற்கு உயர்கல்வி என்று பெயர்!

அக்கலைதான் என்ன? 1895-இல் இரோண்ட்கன் கண்ட ஊடுகதிரை ஒரு பொருளினுள் செலுத்தி, அதன் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்துகின்றனர். ஒரு குறித்த அளவில் அப்பொருள் கதிரைத் திடுமென மிகுதியாய் உட்கவரும். அதுவே விளிம்பு. இரும்புக்கு அது 7112 எதிர்மின்னி வோல்ட்டு அளவில் எழும், செம்புக்கு 8979. இரும்பு துருவாய் மாறியிருப்பின் விளிம்பு சற்று மேலே நகரும். விளிம்பைத் தாண்டியபின் கோடு அலையலையாய் நடுங்கும். அணுவினின்று வெளியேறும் எதிர்மின்னி அலையாய்ப் பரவி, அண்டை அணுக்களில் மோதி மீள்வதால் எழும் நடுக்கம் அது. 1971-இல் சேயர்சு, சிடெர்ன், இலைட்டில் என்னும் மூவர் அந்நடுக்கத்தைக் கணக்கால் பிரித்து, அண்டை அணுவின் தொலைவை அளக்க வழி காட்டினர். ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கி, அதில் ஒரு கூற்றையும் ஐம்பதாய்ப் பகுத்தறியும் நுண்மை! இத்துணையும் சொல்லியாயிற்று, தமிழ் எங்கேனும் இடறி விழுந்ததா?

கலைச்சொல் இல்லை என்று கைவிரிப்பாரைக் கேட்கின்றோம்: அயலான் என்ன செய்தான்? விளிம்பை விளிம்பு என்றே தன் மொழியில் அழைத்தான். விளிம்பின் உச்சியில் எழும் முகட்டுக்கு 'வெள்ளைக்கோடு' என்று பெயரிட்டான். ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்த நாளில் அவ்விடம் கதிர்படாமல் வெளுத்துத் தெரிந்ததே காரணம். ஈயத்தகடு போர்த்திய ஆய்வறைக்கோ முயற்கூண்டைக் குறிக்கும் சொல்லையே வைத்தான்! அளவுகளைப் பகுத்தறியும் கணிப்பொறி நிரல்களுக்கு அதீனா, ஆர்த்தெமிசு எனக் கிரேக்கப் பெண்தெய்வங்களின் பெயர். நாம் கூண்டு என்றால் மட்டும் அறிவியலின் பெருமை குலைந்துவிடுமாம்.

இந்தூரில் இண்டசு-2 என்னும் முடுக்கி வளையம் இருக்கின்றது. சிந்து ஆற்றின் பெயர் தாங்கிய அவ்வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர்; எதிர்மின்னிகளின் ஆற்றல் 250 கோடி எதிர்மின்னி வோல்ட்டு. இக்கலைக்கெனவே அங்குக் கதிர்த்தடங்கள் உள்ளன. அவை தமிழன் தந்த வரிப்பணத்திலும் எழுந்தவை. அங்குள்ளோர் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. புறப்படுமுன் இங்கே கற்பிக்க வேண்டியதைத்தான் கேட்கின்றோம். பொருளைப் பொடியாக்கி வில்லையாய் அழுத்துவதில் பாதி வெற்றி அடங்கியுள்ளது. வில்லை தடித்தால் கதிர் ஊடுருவாது. மெலிந்தால் விளிம்பு தெளியாது. ஊசித்துளை ஒன்றிருப்பினும் அளவு பொய்க்கும். கையறியும் இவ்வளவைத் தமிழில் பதம் என்பர். பதம் என்னும் சொல்லை அறிந்த பிள்ளைக்கு அதனை ஆங்கிலத்தில் ஏன் மனப்பாடம் செய்விக்கின்றீர்?

நம்மவரையும் விடுவதற்கில்லை. வில்லை ஒன்றைக் கையால் தொட்டறியாதார் நாற்காலியில் அமர்ந்து ஒரு பொருளுக்கு ஐந்து சொல் ஆக்குகின்றனர். ஐந்தும் பட்டியலிலேயே உறங்குகின்றன. தறிச்சொற்கள் தறியடியில் பிறந்தவை. கதிர்த்தடத்துச் சொற்களும் கதிர்த்தடத்திலேயே பிறத்தல் வேண்டும். ஆய்வுக்குச் சென்று மீண்ட தமிழ் மாணவன் ஆக்கும் சொல்லைப் புலவர் திருத்தட்டும். ஆக்கும் வேலையை அவனிடமே விடட்டும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், 1864 முதல் தமிழிலேயே அதனைக் கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அத்தமிழில் வடசொல் மலிந்திருந்தது மெய்யே. ஆயினும் அயலவர் ஒருவர் அறுவைக் கத்தியைத் தமிழ் பேச வைத்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் ஊடுகதிர்க்கருவிமுன் நாம் ஊமையராய் நிற்கின்றோம். சப்பானியர் தம் கதிர்த்தடங்களில் தம் மாணவர்க்குத் தம் மொழியிலேயே சொல்லித்தருகின்றனர்.

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம் பக்கத்துச் சிதம்பரத்தில்தான் இருக்கின்றது. அதன் இயற்பியல், வேதியியல் துறையார் ஒரு கோடை விடுமுறையில் பத்து நாள் தமிழ்க் கைப்பயிற்சி நடத்தட்டும். வில்லை அழுத்துதல், விளிம்பு குறித்தல், அலையைப் பிரித்தல் ஆகிய மூன்றுக்கும் இருபது பக்கக் கையேடு போதும். முதற் பாடத்துக்குப் பொருளையும் அயலிலிருந்து தருவிக்க வேண்டா. குறிஞ்சிப்பாடிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட முந்திரித் தோப்பில் ஒரு பிடி செம்மண் எடுத்து அரைத்து வில்லையாக்கட்டும். இந்தூருக்குக் கொண்டுசென்று, அதனுள் இரும்பு எந்நிலையில் உள்ளதென்று விளிம்பைக் கேட்கட்டும். கண்டதை அம்மாணவன் தமிழில் எழுதி, தறியில் இருக்கும் தந்தைக்குப் படித்துக் காட்டட்டும்.