தொட்டில் மீது பழி வேண்டாம்

2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. 2011-க்குப் பிறகு இப்போதுதான் நாடு தன் தலைகளை எண்ணப்போகிறது. எண்ணிக்கை வெளியானதும் என்ன பேச்சு எழும் என்று இன்றே சொல்லிவிடலாம். "ஜனத்தொகை இப்படிப் பெருகினால் ஏரி எங்கே தங்கும், காடு எங்கே மிஞ்சும்?" என்று டீக்கடை முதல் சட்டமன்றம் வரை ஒரே குரலாகக் கேட்பார்கள். வெள்ளம் வந்தாலும் ஜனத்தொகை, குடிநீர் வற்றினாலும் ஜனத்தொகை, குப்பைமேடு எரிந்தாலும் ஜனத்தொகை. இந்தப் பதிலில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அதிகாரி, மனை பிரித்து விற்றவர், அனுமதி தந்த ஆட்சி என எவரும் கூண்டில் ஏற வேண்டியதில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எதிர்வழக்காடப் போவதுமில்லை.

இந்தப் பழி செல்லாது என்பது நம் நிலைப்பாடு. சென்னையின் தெற்கே சுருங்கிக் கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான் அதற்குச் சாட்சி.

சூழலியலின் முதல் பாடத்திலிருந்து தொடங்குவோம். ஓர் இடத்தில் ஓர் உயிரினம் எத்தனை வாழும் என்பதை நான்கு வாசல்கள் தீர்மானிக்கின்றன: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. நம் விவாதங்களில் முதல் வாசல் மட்டுமே பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்த வாசல் எப்போதோ குறுகிவிட்டது. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் தேவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தின் சராசரி 1.8. நாட்டின் சராசரியே 2.0-க்கு இறங்கிவிட்டது. அவசரநிலைக் காலத்தில் வட மாநிலங்களில் நடந்ததுபோல ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுவை செய்து இங்கே இதைச் சாதிக்கவில்லை. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. குடும்பம் தானாகச் சிறுத்தது. இப்போது நிலைமை தலைகீழாகி, மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதிகளும் குறையுமோ என்ற மறுவரையறை அச்சத்தில் 'அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று மேடையில் பேசும் காலத்துக்கு வந்திருக்கிறோம்.

பிறப்பு குறைந்தும் தென்சென்னை ஏன் பிதுங்குகிறது? 2001-க்கும் 2011-க்கும் இடையில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7 சதவீதம் கூடியது. அதே பத்தாண்டில், பக்கத்திலிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 சதவீதம் கூடியது. காஞ்சிபுரத்துத் தாய்மார்கள் சென்னைத் தாய்மார்களைவிட ஐந்து மடங்கு பிள்ளை பெற்றார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். திறந்தது மூன்றாவது வாசல். அதைத் திறந்தவர்கள் திட்டமிடுவோர். பழைய மாமல்லபுரம் சாலையைத் தகவல் தொழில்நுட்ப நெடுவழியாக்கி, வேலைகளையெல்லாம் ஒரே தெற்குக் கோட்டில் அடுக்கினார்கள். வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருவது குற்றமாகாது. அந்த வேலையை எங்கே குவிப்பது என்பது ஓர் அரசு எடுக்கும் முடிவு. அதற்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும்.

அடுத்த பாடம் தாங்குதிறன். அலாஸ்காவை ஒட்டிய கடலில் செயின்ட் மேத்யூ என்று ஆளில்லாத தீவு ஒன்று உண்டு. 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டது. வேட்டையாடும் விலங்கு அங்கே கிடையாது; பாறைப்பாசியோ கம்பளம் விரித்ததுபோல மண்டிக் கிடந்தது. 1963-ல் மான்கள் சுமார் 6,000. மேய்ச்சல் தீர்ந்த நேரத்தில் கடுங்குளிரும் சேர்ந்துகொள்ள, 1966-ல் எண்ணியபோது எஞ்சியவை 42. மனிதருக்கும் இதே கதிதான் என்று மிரட்டுவதற்கு இந்தக் கதையைப் பலர் எடுத்தாள்கிறார்கள். ஆனால் மானுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மானால் பக்கத்துத் தீவிலிருந்து பாசியை வரவழைக்க முடியாது. சென்னையால் முடியும். கிருஷ்ணா நீர் ஆந்திரத்திலிருந்து வருகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வீராணம் ஏரி நீர் குழாயில் வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். இந்த நகரம் பிறர் தாங்குதிறனைக் கைமாற்று வாங்கித்தான் பெருத்திருக்கிறது. கடன் கிடைக்கும்வரை சொந்தக் கையிருப்பு கரைவது கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து.

2019 கோடையில் அது கண்ணில் பட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி வந்தார்கள். அதற்கு நான்கே ஆண்டு முன்பு, 2015 டிசம்பரில், இதே நகரத்தின் தெருக்களில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மீண்டும் மூழ்கின. ஒரு வாழிடத்தில் எது முதலில் தட்டுப்படுகிறதோ, அதுவே அங்குள்ள வாழ்வுக்கு வரம்பு கட்டுகிறது என்பது சூழலியல் விதி. சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஆக, இங்கே மழைக்குப் பஞ்சமில்லை. பெய்த மழை நிற்பதற்கு இடம்தான் பஞ்சம். வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய்போலத் தெரியலாம். வேர் ஒன்றுதான்.

அந்த இடத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் கழுவெளி. தென்சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் விழும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி, மறுகால் பாய்ந்து பள்ளிக்கரணையில் வந்து சேரும். அங்கே தங்கி, ஊறி, ஆற அமர ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கும். தங்கும் நாட்களில் நிலத்தடிக்கு நீர் ஊட்டி, உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கும். கோரையும் சம்பும் அழுக்கை வடிகட்டும். மீனும் நத்தையும் பெருகும். அவற்றைத் தேடி நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் வரும். தாழைக்கோழி அங்கேயே குஞ்சு பொரிக்கும். பூநாரை பருவத்துக்கு வந்து போகும். ஒரு காசு மின்கட்டணம் இல்லாமல் இத்தனை வேலை பார்த்த இடத்துக்கு அரசுப் பதிவேடு கொடுத்த பெயர்கள் தரிசு, புறம்போக்கு.

அழிவு அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பு, துண்டு துண்டாகப் போனது. 1980-களில் மாநகரம் பெருங்குடிப் பக்கத்தில் குப்பை கொட்டத் தொடங்கியது. அது இருநூறு ஏக்கரைத் தாண்டிய மலையாக வளர்ந்து, 2022 ஏப்ரலில் நாட்கணக்கில் எரிந்தது. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டியது. பறக்கும் ரயில் வந்தது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களே அங்கே வளாகம் எழுப்பின. பின்னாலேயே அடுக்குமாடிகள் வந்தன. இதில் எந்த ஒன்றையும் ஜனத்தொகை தானாக வந்து கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டு, அதில் ஒரு கையெழுத்து உண்டு.

ஆள் பெருகியதால்தான் நீர்நிலை போயிற்று என்று இன்னமும் வாதிடுவோருக்கு ஒரு பழைய கதை. 1920-களில் மாம்பலம் பக்கமிருந்த நீண்ட ஏரியை வடித்து, மனை போட்டு, தியாகராய நகரை உருவாக்கினார்கள். அன்றைய சென்னையின் மக்கள்தொகை ஐந்தே கால் லட்சம் அளவுதான். வடக்கிலும் தெற்கிலும் வயலும் தோப்புமாக இடம் கொட்டிக் கிடந்த காலம் அது. அப்போதும் கண்ணில் பட்டது ஏரிதான். நீர் நிற்கும் இடத்தைக் காலி இடமாகப் பார்க்கும் கண் நமக்கு நூறு ஆண்டாக இருக்கிறது. அந்தக் கண் மாறாதவரை, நாளைக்கே நகரத்தின் மக்கள்தொகை பாதியானாலும் மிச்சமுள்ள ஏரிக்கு உயிர் மிஞ்சாது.

மக்கள்தொகைக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1951-ல் மூன்று கோடியாக இருந்த தமிழகம் 2011-ல் ஏழு கோடியே இருபது லட்சமானது. அத்தனை பேருக்கும் சோறும் நீரும் கூரையும் வேண்டும்; அதன் சுமை நிலத்தின் மீதுதான் இறங்கும். ஆனால் சுமையைத் தலைக்கணக்கால் மட்டும் அளக்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன் என்ற அமெரிக்க அறிஞர்கள் ஓர் எளிய சூத்திரம் சொன்னார்கள்: சூழலின் மேல் விழும் பாதிப்பு என்பது மக்கள்தொகை, தலைக்கு ஆகும் நுகர்வு, அந்த நுகர்வைத் தரும் தொழில்நுட்பம் ஆகிய மூன்றின் பெருக்கல். மக்கள்தொகை வெடிகுண்டு என்று 1968-ல் உலகை எச்சரித்தவரே எர்லிக்தான். அவர் பங்கேற்ற சூத்திரத்திலேயே தலைக்கணக்கு மூன்றில் ஒன்றுதான். ஓர் இந்தியரின் பங்காக ஆண்டுக்கு வெளியேறும் கரியமில வாயு சுமார் 2 டன். ஓர் அமெரிக்கரின் பங்கு ஏறத்தாழ 14 டன். இந்த வேறுபாடு சென்னைக்குள்ளும் உண்டு. குடத்துக்கு வரிசையில் நிற்கும் குடும்பத்தையும், மூன்று ஆழ்துளைக் கிணறும் நீச்சல்குளமும் உள்ள வளாகத்தையும் 'ஜனத்தொகை' என்ற ஒரே சொல்லில் அடைப்பது கணக்கும் ஆகாது, நியாயமும் ஆகாது.

நியாயம் தவறியதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏழைகளை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று அகற்றினார்கள். அகற்றிக் குடிவைத்த இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதாவது, நீர்வழியிலிருந்து பெயர்த்தெடுத்து, சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில் இறக்கினார்கள். வேலை போயிற்று, பிள்ளைகளின் பள்ளி போயிற்று, மழைக்காலத்தில் முழங்கால் நீர் மட்டும் கூடவே வந்தது. ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்குக் குடிசையில் ஒரு பொருளும் கோபுரக் கட்டடத்தில் வேறு பொருளும் இருக்கக் கூடாது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போய்விடவில்லை. 2007-ல் பள்ளிக்கரணைச் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் மனு எழுதி, வழக்காடி, பறவைகளை எண்ணிப் பதிவு செய்ததன் பலன் அது. 2022-ல் 1,248 ஹெக்டேருக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. ஆனால் காகிதத்தில் உள்ள எல்லை களத்தில் இன்னும் தெளிவாகவில்லை. ராம்சர் பரப்பிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும், உரிய ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட வேண்டியிருந்தது. நீதிமன்றம் சொன்னால் நிறுத்துவது, சொல்லாவிட்டால் அனுமதிப்பது என்பது ஆட்சிக்கு அழகல்ல. அந்த வட்டாரத்தில் முறையாகப் பத்திரம் பதிந்து, கடன் வாங்கி வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களின் கலக்கமும் எல்லையைத் தெளிவாக்காமல் விட்டதால் வந்ததுதான்.

ஆகவே அரசு நான்கு காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். முதலாவது, ராம்சர் எல்லையைச் சர்வே எண்களோடு தமிழில் வெளியிட்டு, களத்தில் கல் நட வேண்டும். அதற்குள் வரும் நிலத்தின் 'தரிசு' வகைப்பாட்டை நீக்கி, நீர்நிலை என்று பதிய வேண்டும். இரண்டாவது, பெருங்குடிக் குப்பையை அகழ்ந்து மீட்கும் நிலம் பூங்காவாகவோ எரிஉலையாகவோ மாறாமல் சதுப்புக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது, 2008-ல் ஏற்கப்பட்ட சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த திட்டத்தில், ஒவ்வொரு வட்டாரமும் எவ்வளவு மழையைத் தாங்கும், எவ்வளவு நிலத்தடி நீரைத் தரும் என்ற கணக்கு முதலில் வரட்டும், எத்தனை மாடி என்ற கணக்கு அதற்குப் பின் வரட்டும். நான்காவது, தாழ்நிலத்தில் ஏழைகளைக் குடிவைக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள், அவரிடமல்ல, உங்கள் வார்டு உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும்: எங்கள் தெருவில் பெய்யும் மழை எங்கே போய் நிற்க வேண்டும், அந்த இடம் இப்போது யார் பெயரில் இருக்கிறது?