நத்தையின் மீது உட்கார வைக்கப்பட்டவர்

எங்கள் ஊர் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலும் மாசி மாத மயானக் கொள்ளையும் பலருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு அப்பால் இருக்கும் காலனிச் சுவரைப் பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14க்கு நான்கைந்து நாள் முன்னால், எங்கள் தெரு பெயின்டர் அண்ணன் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்துக் கட்டம் போட்டு, புதிதாக ஓர் அம்பேத்கரை வரைவார். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, நீட்டிய விரல். படிக்கத் தெரியாத காலத்திலேயே எனக்குப் பழகிய முதல் ஓவியம் அதுதான். அம்பேத்கர் என்றால் பெரியவர், சுவர் கொள்ளாதவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதனால்தான் 2012 மே மாதத்தில் அந்தக் கேலிச்சித்திரத்தைப் பார்த்தபோது தடுமாறிப்போனேன். 11ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. அரசியல் பாடநூலில் இருந்த படம் அது. சங்கர் 1949இல் வரைந்தது. அரசியலமைப்புச் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கியபடி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. தோழர் தொல். திருமாவளவன் இதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அரசு படத்தை நீக்குவதாக அறிவித்தது. பாடநூலின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பால்ஷிகரும் பதவி விலகினார்கள். புனேயில் பால்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

அப்போது நான் சென்னையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எல்லோரும் முற்போக்காளர்கள், படித்தவர்கள். டீக்கடையில் அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. ‘ஒரு கார்ட்டூனுக்கா இவ்வளவு கோபம்? நேருவையும்தானே கிண்டல் செய்திருக்கிறார்?’ என்னிடம் பதில் இல்லை. மனம் புண்பட்டது என்று சொன்னால் மதவாதிகளின் மொழியாகிவிடுமோ என்று பயம். கருத்துரிமைக்கு எதிரானவன் என்ற பெயரும் வேண்டாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அதே பாடநூல் வரிசையில், 12ஆம் வகுப்புப் புத்தகத்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கிண்டல் செய்யும் ஆர்.கே. லக்ஷ்மணின் படம் ஒன்று இருப்பது தெரியவந்தது. அதை நீக்கச் சொல்லிக் கலைஞர் அறிக்கை விட்டார். தமிழ்நாடே கொதித்தது. மே மாதம் எனக்குக் கருத்துரிமைப் பாடம் எடுத்த நண்பர்களில் இரண்டு பேர் ஜூனில் லக்ஷ்மணைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தனக்கு வலித்தால் வரலாற்று அவமதிப்பு, அடுத்தவனுக்கு வலித்தால் நகைச்சுவை உணர்வில்லாமை. அவர்கள் இருவரும் இப்போதும் என் நண்பர்கள்தான், இதைப் படிப்பார்கள்.

என்னால் சொல்ல முடியாமல் போன பதிலை ஒருவர் ஏழு ஆண்டுகள் கழித்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். உன்னமதி சியாம சுந்தர், ஆந்திரத்துக்காரர், கேலிச்சித்திர ஓவியர். சாதி எதிர்ப்பு இணைய இதழான ரவுண்ட் டேபிள் இந்தியாவில் அவர் வரைந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ‘சந்தமாமா’ இதழின் ஓவியங்களை. 2012 சர்ச்சைக்குப் பின், ஆங்கிலப் பத்திரிகைகள் அம்பேத்கரை எப்படியெல்லாம் வரைந்தன என்று பழைய இதழ்களைத் தேடிப் போனார். 1932 முதல் 1956 வரை, பூனா ஒப்பந்த ஆண்டிலிருந்து அண்ணல் மறைந்த ஆண்டு வரை, நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் கிடைத்தன. சங்கர், என்வர் அகமது, ஆர்.கே. லக்ஷ்மண் என்று பெரிய பெயர்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அது வந்த நேரத்தின் அரசியலை எழுதி, 2019இல் ‘நோ லாஃபிங் மேட்டர்’ என்ற தலைப்பில் நவயானா பதிப்பகம் வழியாக வெளியிட்டார். 2003இல் நவயானாவை எஸ். ஆனந்தோடு சேர்ந்து தொடங்கியவர் ரவிக்குமார். இப்போது எங்கள் பக்கத்து விழுப்புரம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தான் வரைகிற கலைஞன் பிறர் வரைந்ததைத் தேடித் தொகுக்கப் போவதைக் கலை வாழ்க்கையின் இடைவேளை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கண்காட்சி அமைப்பவர், தொகுப்பாளர், க்யூரேட்டர் என்றால் காட்சிக்கூடத்தில் ஒயின் கோப்பையோடு நிற்பவர் என்று ஓர் எண்ணம். அந்த வேலை என்ன செய்யும் என்பதை நான் சியாம சுந்தரின் புத்தகத்தில்தான் பார்த்தேன். அவர் திருப்பி ஒரு பதில் கேலிச்சித்திரம் வரைந்திருக்கலாம். வரையத் தெரிந்தவர்தானே? வரைந்திருந்தால் அது ஒரு படத்துக்கு எதிராக ஒரு படமாக முடிந்திருக்கும். அவர் செய்தது, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. தனியாகப் பார்த்தால் ‘சும்மா கிண்டல்’ என்று தள்ளிவிடக்கூடிய படம், நூறு படங்களுக்கு நடுவே வேறொன்றாகிவிடுகிறது. ஓரிடத்தில் அம்பேத்கர் குழந்தை, இன்னோரிடத்தில் பெண் வேடம், எத்தனையோ இடங்களில் மற்ற தலைவர்களின் பக்கத்தில் குள்ளம். 24 ஆண்டுகள், வெவ்வேறு கைகள், வெவ்வேறு பத்திரிகைகள். ஆனால் பார்வை ஒன்று. டீக்கடையில் என்னிடம் இல்லாமல் போனது இந்த வரிசைதான்.

நத்தைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பு தாமதமானதற்கு நத்தை மேல் உட்கார்ந்திருந்தவரா காரணம்? வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் ஏதேதோ காரணங்களால் வர முடியவில்லை, சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் அவையிலேயே சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் ஒன்றும் நம் தோழர் இல்லை. வந்து குவிந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. வேலை செய்தவரை நத்தை மேல் உட்கார வைத்துச் சிரித்தார்கள் என்பதுதான் வரலாறு. இந்தத் தகவல் எதுவும் இல்லாமல் அந்தப் படம் மட்டும் 17 வயதுப் பிள்ளை கையில் போனால், வகுப்பில் ஏற்கெனவே ‘கோட்டா’ என்று பேர் வாங்கிய பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவன்.

நேருவையும்தானே வரைந்தார் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு சங்கரிடம் சொன்னது பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. நேருவால் அப்படிச் சொல்ல முடியும். எத்தனை கேலிச்சித்திரம் வந்தாலும் அவர் பிறந்த சாதியை யாரும் ஊர்க் கிணற்றிலிருந்து விரட்டப் போவதில்லை.

இங்கே நம் தரப்பிலும் ஒரு கருத்து வேறுபாடு உண்டு, மறைக்க விரும்பவில்லை. படத்தைப் பாடநூலிலிருந்து நீக்கியதைப் பல தோழர்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நீக்கியதால் சங்கரும் தப்பித்தார், அவரை ரசித்தவர்களும் தப்பித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சியாம சுந்தர் எதையும் மறைக்கவில்லை. மோசமான படத்தையும் முழுப் பக்கத்தில் அச்சிட்டு, பாருங்கள் என்றார். புத்தகத்தின் சில இடங்களில் ஒரு சாதாரண அரசியல் நக்கலுக்குள்ளும் அவர் சாதியை மிகையாகத் தேடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சரிபார்க்கவும் படம் என் கண் முன்னால் இருக்கிறது.

‘சந்தமாமா’வை ஆய்வுக்கு எடுத்த ஒருவர்தான் இந்த வேலையையும் செய்தார் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ் அது. தமிழில் அம்புலிமாமா. எங்கள் ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதிகளுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைச் சுமந்து மயானத்தில் நடக்கும் படம், ஓவியர் சங்கர் வரைந்தது (கேலிச்சித்திர சங்கர் வேறு, இவர் கே.சி. சிவசங்கரன்), இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. என்ன கோடு, என்ன இருட்டு! அவரது கைத்திறனுக்கு இன்றும் நான் ரசிகன்.

ஆனால் நான் மயானத்தைப் பார்த்து வளர்ந்தவன். மயானக் கொள்ளை அன்று எங்கள் ஊர் மயானத்தில் லட்சக்கணக்கில் ஆள் நிற்கும். மற்ற நாட்களில் அங்கே ஒருவர்தான் நிற்பார். குழி வெட்டுகிறவர், விறகு அடுக்குகிறவர், எரிந்து முடியும் வரை இரவெல்லாம் காத்திருப்பவர். சாதி அவர் குடும்பத்தின் மேல் சுமத்திய வேலை அது. அம்புலிமாமா மயானத்தில் ராஜா இருக்கிறார், வாள் இருக்கிறது, பிணம் இருக்கிறது, மண்டையோடு இருக்கிறது. அவர் இல்லை. வேதாளம் இருப்பதை நம்பிய எனக்கு, வெட்டியான் தாத்தா இல்லாதது சின்ன வயதில் உறுத்தவே இல்லை. அங்கே வரையாமல் விட்டார்கள், இங்கே குறுக்கி வரைந்தார்கள். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே கண்தான் வேண்டும்.

தமிழ் வார இதழ்களுக்கு இந்தக் கண் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பாரதி தன் ‘இந்தியா’ இதழில் கேலிச்சித்திரம் போட்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து இன்று வரை துணுக்குப் படங்களில் திருடன் என்ன நிறம், வேலைக்காரப் பெண்ணின் பல் எப்படி, ‘சேரி’ என்றால் பின்னணியில் என்ன வரைவார்கள், நீதிபதி நாற்காலியில் யார் முகம்? சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. பழைய பேப்பர் கடைகளிலும் இருக்கின்றன. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறேன். பசை தீர்ந்துகொண்டே இருக்கிறது. உங்களில் வரையத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம்.

போன ஏப்ரலில் ஊருக்குப் போயிருந்தபோது பெயின்டர் அண்ணன் சுவரில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். செல்போனில் நத்தைப் படத்தைக் காட்டி, “இதுல என்னண்ணே தெரியுது?” என்று கேட்டேன். நேரு, பாடநூல், நாடாளுமன்றம், எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா தம்பி இது? நத்தைய ஓட்டணும்னா சாட்டை நத்தை மேல படணும். நடுவுல இவரு உக்காந்துகிறாரு. பின்னால நிக்கிறவரு வீசினா எங்க வுழும்?”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்கப் போய்விட்டார்.