ரொட்டி சுடக் கற்க வீட்டு அடுப்பே போதும்

கேழ்வரகும் கம்பும் பயிரிடும் சிறு விவசாயிகளின் வீடுகளிலும் இன்று கடை ரொட்டி நுழைந்துவிட்டது. காய்ச்சல்காரருக்கு என்றிருந்த பண்டம், பிள்ளைகளின் காலைச் சிற்றுண்டியாகிவிட்டது. விளைந்த தானியத்தை மூட்டையாக விற்றுவிட்டு, ரொட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதிலிருந்து கேழ்வரகு ரொட்டி பற்றிய பேச்சும் பயிற்சியும் பெருகியுள்ளன. இது நல்லதே. ஆனால் பெரிய மின் அடுப்பில் சுட்டுக் காட்டி அனுப்பும் பயிற்சி, வீடு திரும்பும் பெண்மணிக்கு எவ்விதத்தில் உதவும்? கடன் வாங்கி அடுப்பு வாங்குவதற்கு முன், வீட்டு அடுப்பிலேயே பத்து முறையாவது சுட்டுப் பார்ப்பது அவசியம்.

மாவு புளிக்க வைப்பது நம் பெண்களுக்குப் புதிதன்று. இட்லி மாவில் உண்டாகும் வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைக்கிறது. ரொட்டியில் அந்த வேலையைச் செய்வது கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் புரதம். தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய இது ரப்பர் போல் இழுபடும் வலையாகி, ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவைத் தேக்குகிறது. கேழ்வரகிலும் கம்பிலும் குளுட்டன் இல்லை. முழுக்கக் கேழ்வரகு மாவிலேயே செய்தால் செங்கல்தான் கிடைக்கும்! மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நலம். அந்த ஒரு பங்கும் வீணன்று. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. மைதாவில் இதில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது.

மைதா 400 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 8 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் 300 முதல் 325 மில்லி வரை பிடிக்கும். கை பொறுக்காத சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பலருடைய முதல் ரொட்டி கெடுவது இங்கேதான். கால் மணி நேரம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும். மார்கழியில் இன்னும் நேரமாகும். பிறகு அமுக்கி உருட்டி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் பாதியளவு வைத்து, மறுபடி உப்பவிட வேண்டும்.

கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மூடி, கால் மணி நேரம் சூடேற்றவும். உள்ளே ஒரு வளையத்தின் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் சுடவும். இதற்காக நல்ல பிரஷர் குக்கரைப் பாழாக்க வேண்டியதில்லை. விறகு அடுப்புள்ள வீட்டார் மூடியின் மேல் தணல் அள்ளிப் போட்டால் மேற்புறமும் சிவக்கும். காஸ் அடுப்பில் இந்த வசதி இல்லை. அடியில் தட்டினால் 'டொக் டொக்' என்ற வெற்றொலி வந்தால் வெந்துவிட்டது என அறியலாம். ஆறிய பிறகே அறுக்க வேண்டும். பூஞ்சணத் தடுப்பு மருந்து சேர்க்காததால் இரண்டு மூன்று நாட்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

விற்பனை பற்றி யோசிப்பவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு மாவு கடையில் வாங்கும் மைதா. சொந்தத் தானியம் ஒரு பங்குதான். எரிபொருளும் கெட்டுப்போகும் ரொட்டியும் செலவில் சேரும். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் கீழ்ப் பதிவும் தேவை. மானியம் கிடைத்தாலும் மீதிப் பணம் கடன்தான். கேழ்வரகை அதிகம் செலவழிப்பதே நோக்கமென்றால், ரொட்டியைவிட பிஸ்கட் ஏற்றது. அது உப்ப வேண்டியதில்லை. மாவில் பாதிவரை கேழ்வரகு சேர்க்கலாம்.