ஜிங்க் கட்டிக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க!



லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தாச்சு. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஜூன் 14 ஆகணும். ஏப்ரல் 15-ல் நின்ற விசைப்படகுகளில் பல இன்னும் கரையில்தான் பெயிண்ட் வாங்கிக்கொண்டிருக்கின்றன. அவை தண்ணீரில் இறங்குவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

சுக்கானிலோ புரொப்பல்லர் பக்கத்திலோ சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி முடுக்கியிருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் ஜிங்க், நம்ம புத்தகத்தில் வருகிற துத்தநாகம். போன தடைக்காலத்தில் எங்க சித்தப்பா படகுக்கு அடிப்பக்கம் பெயிண்ட் அடித்தவர்கள் அந்தக் கட்டியையும் சேர்த்து அழகாகப் பூசிவிட்டார்கள். நானும்தான் நின்று வேடிக்கை பார்த்தேன். சில மாதம் கழித்து நடுக்கடலில் படகு ஒரே உதறலாக உதறியது. புரொப்பல்லர் இலை ஒன்று முறிந்துவிட்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. வந்து சேர்வதற்குள் மீனில் பாதி வீண். கரையேற்றிப் பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை செம்பு மாதிரிச் சிவந்து, சுரண்டினால் உதிர்கிறது. பெயிண்ட்டுக்குள்ளே ஜிங்க் கட்டி மட்டும் புத்தம் புதுசு!

"உப்புத் தண்ணில கெடந்தா அரிக்கத்தானேடா செய்யும்" என்கிறார்கள் பெரியவர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லேபில் எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் குத்தி மின்சாரம் எடுத்தோமே, அதேதான் படகுக்கு அடியிலும் நடக்கிறது. பித்தளை, எஃகு, இரும்பு என்று வேறு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி. எலெக்ட்ரானை எளிதில் விடுகிற உலோகம் முதலில் கரையும். கட்டி அதற்காகத்தான் இருக்கிறது. அதை மூடிவிட்டால், பித்தளைக்குள் கலந்திருக்கும் துத்தநாகம் கரையும். மிச்சம் நிற்பது பஞ்சு மாதிரி செம்பு.

அதனால் ஒரு வருஷம் ஆகியும் கட்டி தேயவில்லை என்றால் சந்தோஷப்படாதீங்க. அது வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். கட்டிக்கும் உலோகத்துக்கும் நடுவில் பெயிண்டோ துருவோ இருந்தாலும் இதே கதைதான். சுரண்டி, பளபளவென்று ஆக்கி முடுக்கணும். பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடணும். ஒரு தடவை கடலுக்குப் போக அடிக்கிற டீசலோடு பார்த்தால் அந்தக் கட்டியின் விலை பெரிய காசே இல்லை. ஃபைபர் படகில் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் கரைக்கு வந்ததும் மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். அலுமினிய மோட்டாருக்குச் செம்பு கலந்த பெயிண்ட் மட்டும் ஆகவே ஆகாது.

இது புது விஷயமும் இல்லை. 1824-லேயே ஹம்ப்ரி டேவி இங்கிலாந்துக் கப்பல்களின் செம்புத் தகட்டில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தி அரிமானத்தை நிறுத்திக் காட்டினார். செம்பு கரையாததால் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது, பாவம், அது வேறு கதை! ஜிங்க் இருந்தாலும் கொட்டலசை நாம்தான் சுரண்டணும்.

சித்தப்பா இந்த வருஷம் புதுக் கட்டி வாங்கி, பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் பழைய துணியைக் கொடுத்து அதை மூடச் சொன்னார். ஆனால் கட்டிக்கு அடியில் சுரண்டினாரா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு போய்ப் பார்க்கணும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்